ஆணி கழற்றாத இரண்டாவது கண்ணாடி

போன வாரம் நான் வேலை பார்த்த கண்ணாடிக் கடையிலிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டால்தானே! கடையை பைபாஸ் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். பின்கட்டைக் காலி செய்யும்போது தார்ப்பாய்க்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி நின்றதாம். ஆணி கழற்றாத பெட்டி. மேலே ஒரு கார் நம்பர். “மாமா, ஏதோ ஸ்போர்ட்ஸ் காரோட முன் கண்ணாடி மாதிரி இருக்கு. புத்தம் புதுசு. யாருதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. வித்துருவமா?” என்று கேட்டான் இப்போது அங்கே தலைமை பிட்டராக இருப்பவன்.

“ஏலே, அதுல கை வச்ச, கைய முறிச்சுப்புடுவேன்!” என்று கத்திவிட்டேன். என் சத்தத்தில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அவன் பாவம், பயந்துபோய், “அப்படி அதுல என்னதான் இருக்கு மாமா?” என்றான். போனில் சொல்கிற சங்கதியா அது? எழுதித் தருகிறேன், எல்லாரும் படியுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் விருதுநகர்ப் பக்கத்துக்காரன் கண்ணாடி வேலையைப் பற்றி எழுதினால், வெடி விபத்தைத்தான் எழுதுவான் என்று எல்லாரும் நினைப்பார்கள். நினைப்பதில் தப்பில்லை. சிவகாசி, எம். புதுப்பட்டிப் பக்கம் எங்கேயாவது ஒரு ஷெட் வெடித்தால், அடுத்த இரண்டு நாளும் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. வேன் கண்ணாடி, பஸ் கண்ணாடி, வீட்டு ஜன்னல்கூடக் கொண்டுவந்து இறக்குவார்கள். அதே சாக்கில், பிள்ளைகள் பந்தடித்து உடைத்த பீரோ கண்ணாடியும் வரும். அதுவும் வெடி அதிர்ச்சி என்பார்கள். நாங்களும் மறுபேச்சுப் பேசியதில்லை. வெடியில் ஆளே போகிற ஊரில், கண்ணாடி போனதற்கா விசாரணை வைப்பது?

தொழில் கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. லாரிகளுக்கு ரப்பர் பட்டை சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, சணல் கயிறு போட்டு இழுத்து உட்காரவைக்கிற காலத்தில் சேர்ந்தேன். கையைக் கிழித்துக்கொண்டேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். பிறகு பசை போட்டு ஒட்டுகிற கண்ணாடிகள் வந்தன. அதையும் கற்றுக்கொண்டேன். ஒரே கடை, ஒரே முதலாளி.

முதலாளி ராவுத்தர். விருதுநகரிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைலி. வண்டி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். பிறகு சுண்டுவிரல் நகத்தைக் கீறல்மேல் வைத்து, வெளிப்பக்கம் ஒருதரம், உள்பக்கம் ஒருதரம் மெதுவாக இழுப்பார். கல் பட்டிருந்தால் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னக் குழி நகத்தில் தட்டும். அதிர்ச்சியிலோ, கண்ணாடி உட்காரும் சட்டம் முறுக்கியோ விரிந்திருந்தால் குழி இருக்காது. கீறல் ஓரத்திலிருந்து கிளம்பி ஓடியிருக்கும். சட்டம் முறுக்கியிருந்தால் அதை நிமிர்த்தாமல் புதுக் கண்ணாடி மாட்டக் கூடாது, அதற்காகத்தான் இந்தப் பரிசோதனை. “கண்ண நம்பாத சுப்பையா, நகத்த நம்பு” என்பார்.

அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் உதட்டைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். நான் அதற்கு நேர் எதிர். நான் கத்தினால் ரயில்வே ஸ்டேஷனில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. கண்ணாடி எப்படி உடைந்தது என்று வாடிக்கையாளரிடம் கேட்கக் கூடாது. சேர்ந்த புதிதில் ஒரு லாரி டிரைவரிடம் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அவர் போன பிறகு முதலாளி என்னை அருகில் கூப்பிட்டார். “கேட்டா பொய் சொல்லுவாக சுப்பையா. அந்தப் பொய்ய வாங்கி நம்ம கடையில எங்கன வைக்கப் போற? இடமில்ல.” அவர்களாகச் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருசம் முன்னால் நடந்தது. சிவகாசியில் பட்டாசு, அச்சு என்று இரண்டிலும் கொடிகட்டிப் பறக்கிற ஒரு குடும்பத்தின் மூத்த மகன் கடைக்கு வந்தான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசு வரவில்லை, ‘அவன்’ என்றே எழுதுகிறேன். அன்று நான் கொடுத்த மரியாதைக்குக் குறைவில்லை. ஆள் லட்சணமாக இருந்தான். நெற்றி நிறைய விபூதி. வாசலிலேயே கும்பிடு போட்டான். உள்ளங்கையில் கரி அப்பியிருந்தது. பட்டாசுக்காரன் கையில் கரி இருந்தால் யார் அதைப் பெரிதாக நினைப்பார்கள்?

“பாய், வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். முன் கண்ணாடி விரிஞ்சுபோச்சு. புதுப்பட்டிப் பக்கம் ஷெட்டு வெடிச்சுச்சுல்ல, அந்த அதிர்ச்சிதான்” என்றான்.

அந்த வாரம் ஒரு ஷெட் வெடித்தது உண்மைதான். முதலாளி தலையாட்டினார். “அந்தக் கண்ணாடி இங்கன கிடைக்காதுங்க. வெளிநாட்டுல இருந்து வரணும். நாளாகும்.”

“ஆகட்டும் பாய். ரெண்டா வரவழைச்சிருங்க.”

“ரெண்டா?” என்றேன் நான்.

“ஆமா அண்ணாச்சி. எப்படியும் திரும்பப் போகத்தான் போகுது. ஒவ்வொரு தடவையும் காத்துக் கிடக்க முடியுமா? ஒண்ண மாட்டிருங்க. இன்னொண்ணு உங்க கடையிலயே இருக்கட்டும். பழைய கண்ணாடிய மட்டும் வச்சிராதீக, உடைச்சுப் போட்டுருங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவன் போனதும், “விவரமான ஆளு முதலாளி!” என்று நானே மெச்சினேன். வெடிக்காத வருசம் என்று ஒன்று எங்கள் பக்கம் உண்டா? வெளியூர்க்காரன் எவனாவது இப்படி இரண்டு கேட்டிருந்தால், என்னடா இது என்று ஒரு நிமிசமாவது யோசித்திருப்பேன். சிவகாசிக்காரன் சொன்னதால் யோசிக்கவே இல்லை. ஆர்டர் போடுவதற்காக அவன் கொடுத்த ஆர்.சி. நகலில் காயத்ரி என்று பேர் இருந்தது. மனைவி பேராம். காரியாபட்டியில் பருப்பு மில் வைத்திருக்கும் மாமனார் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த வண்டியாம். அதையும் பெருமையாக அவனே சொன்னான்.

கண்ணாடிகள் வந்து சேர்ந்தன. ஆளுயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். இரண்டிலும் கார் நம்பரை எழுதிச் சுவரோரமாக நிறுத்தினோம். சொல்லியனுப்பியதும் கார் வந்தது. ரெக்கவரி வண்டியில் ஏற்றி, மேலே உறை போட்டு மூடி வந்தது. சிவப்புக் கார். தரையோடு தரையாகக் கிடந்தது. பலகை போட்டுத்தான் கடைக்குள் ஏற்ற முடிந்தது. இரண்டே சீட். முதலாளி அப்போது ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். நானும் என்னோடு வேலை பார்த்த முருகேசனும் ஆரம்பித்தோம்.

உறையை எடுத்துப் பார்த்தால், இடது பக்கம் சிலந்தி வலை மாதிரி விரிந்திருந்தது. வெளிப்பக்கம் நகத்தை ஓட்டினேன். குழி தட்டவில்லை. சரி, அதிர்ச்சிதான் என்று அதோடு விட்டேன். பெயின்டில் கீறல் விழாமல் சுற்றிலும் டேப் ஒட்டினோம். வைப்பரைக் கழற்றி, அதன் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் எடுத்தோம். அடுத்து மூலையில் பசையைக் குத்தித் துளை போட்டு, அறுப்புக் கம்பியை உள்ளே விட வேண்டும். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. கம்பியை இருவரும் மாற்றி மாற்றி இழுத்தால் பசை அறுபட்டுக் கண்ணாடி முழுசாகக் கழன்று வரும். முருகேசன் வெளியே நின்றான். நான் இடது சீட்டில் பாதி படுத்தவாக்கில் உட்கார்ந்து, கம்பி எங்கே வருகிறது என்று பார்க்க டார்ச்சை அடித்தேன்.

என் கண்ணுக்கு நேரே இரண்டு நட்சத்திர விரிசல் விழுந்திருந்தது. வெளியிலிருந்து ஒரே வலையாகத் தெரிந்தது, உள்ளேயிருந்து பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. நடுவே ஓர் உள்ளங்கை அகலம்தான். நகத்தை வைத்தேன், நறநறவென்று தூள் உதிர்ந்தது. குழி உள்பக்கம் இருந்தது. அடி உள்ளேயிருந்து விழுந்திருக்கிறது. சுற்றிலும் யாரோ ஈரத்துணியால் அழுந்தத் துடைத்த தடம் தெரிந்தது. கீறலுக்குள் ஏதோ நூல் மாதிரி, மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன், வரவில்லை. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். முடி. முழ நீளத்துக்கு நாலைந்து முடி, கண்ணாடிக்குள் கவ்விக்கொண்டு நின்றது. அதன் அடியில் காய்ந்துபோன பழுப்புக் கறை. துடைத்தவனால் கீறலுக்குள் போனதைத் துடைக்க முடியவில்லை.

“அட சண்டாளா!” என்று கத்திக்கொண்டு வெளியே விழுந்தேன்.

“என்னண்ணே, கை வெட்டிருச்சா?” என்று முருகேசன் ஓடி வந்தான். உள்ளே பார் என்று கையைக் காட்டினேன். அவன் தலையை நீட்டிப் பார்த்தான். “திடீர்னு பிரேக் போட்டிருப்பாகளோண்ணே? பெல்ட்டு போடாம உக்காந்திருந்தா…” என்று இழுத்தான். எனக்கும் அப்படி இருந்துவிடக் கூடாதா என்றுதான் இருந்தது. ஆனால் பிரேக் போட்டால் தலை ஒருதரம் மோதும். அதே இடத்தில் பக்கத்திலேயே இன்னொருதரம் எப்படி மோதும்? யாராவது கொத்தாகப் பிடித்து மோதினால்தான் உண்டு. இரண்டே சீட் உள்ள வண்டி அது.

அப்போதுதான் சுவரோரம் நின்ற இரண்டாவது பெட்டி என் கண்ணில் பட்டது. எப்படியும் திரும்பப் போகத்தான் போகுது. சிரித்துக்கொண்டே சொன்னானே! வெடி விபத்து நடந்த இடத்துக்கெல்லாம் போய்க் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். பார்க்கக் கூடாததை எல்லாம் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. இது அப்படியா? அடுத்த அடியை ஆர்டர் போட்டு, அது வந்தும் சேர்ந்து, எங்கள் கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நானே கையெழுத்துப் போட்டு இறக்கியிருக்கிறேன்.

முதலாளி தொழுகை முடிந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். குனிந்து உள்ளே பார்த்து, நகத்தை வைத்தவர், சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“போலீசுக்குப் போவம் முதலாளி” என்றேன்.

“போயி? அந்தப் பிள்ள, அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லிருச்சுன்னா? அதுக்கப்புறம் அவன் வீட்டுக்குள்ள அது என்ன பாடு படும்?”

“அதுக்காக? ஒண்ணும் தெரியாத மாதிரி மாட்டிக் குடுத்துருவமா? கேக்கப்படாது, கேக்கப்படாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் இம்புட்டும்!” என்று நான் அவரிடமே எகிறினேன். அப்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கோபப்படவில்லை. “முன்னால ஒருத்தருகிட்ட நான் கேட்டிருக்கேன் சுப்பையா. அவரு உண்மையச் சொல்லிட்டாரு. அத வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அதுல இருந்துதான் கேக்கிறதில்ல” என்றார். எழுந்தார். “மாட்டு. பழச உடைக்காத. அப்படியே போர்வையில சுத்தி உள்ள வையி.”

மாட்டினோம். சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சீவி, பிரைமர் தடவி, பசையை ஒரு கோடாக, நடுவில் விட்டுப்போகாமல் இழுத்தோம். கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற வேக்கம் கப்பைப் பிடித்து, முதலாளி பிஸ்மில்லா சொல்ல, இருவருமாக இறக்கி உட்காரவைத்தோம். பசை இறுகும்வரை பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். கதவை அறைந்து சாத்தக் கூடாது. அறைந்தால் உள்ளேயிருக்கும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளிவிடும். இதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது.

மறுநாள் அந்தப் பெண் வந்தது. சிவகாசியிலிருந்து வந்த கம்பெனி கார் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கையில் பூஜைத் தட்டு. “காயத்ரிண்ணே. வண்டிக்குப் பொட்டு வைக்க வந்தேன். நல்ல நேரத்துல மருமக கையால வைக்கட்டும்னு அத்தை சொன்னாக. அவுக லோடு அனுப்பிட்டு வந்து வண்டிய எடுத்துக்குவாக” என்றது. முடியை ஒரு பக்கமாக இறக்கி, நெற்றியை மூடி வாரியிருந்தது. எனக்கு அந்த நெற்றியைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“எங்கன வைக்கட்டும்ணே?”

“எங்கன வேணும்னாலும் வைங்கம்மா. அழுத்த மட்டும் வேணாம்.”

வெளியே மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம் வைத்தது. உள்ளே வைப்பதற்கு இடது கதவைத் திறந்து நீட்டிய கை, பாதியில் நின்றுவிட்டது. கதவை மூடி, சுற்றி வந்து டிரைவர் பக்கமாக வைத்தது. “சுத்தமா மாட்டியிருக்கீகண்ணே. இனிமே ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டது. நான் துணியை எடுத்து, துடைத்த கதவையே மறுபடி துடைத்தேன்.

சூடம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பியபோதுதான் சுவரோரம் நின்ற பெட்டியைப் பார்த்தது. “அதுல ஏன் எங்க வண்டி நம்பர் போட்டிருக்கு? எங்க கண்ணாடியத்தான் மாட்டியாச்சே?”

நான் முதலாளியைப் பார்த்தேன். எப்போதும் பின்னால் கட்டியிருக்கும் கையை அவர் அவிழ்த்தார். “அவுகளே கேட்டுட்டாகல்ல. சொல்லு” என்றார்.

“அது ரெண்டாவது கண்ணாடிம்மா. உங்க வீட்டுக்காரரு ரெண்டாத்தான் வாங்கச் சொன்னாக. எப்படியும் திரும்பப் போகத்தான் போகுதுன்னு சொன்னாக.”

அதற்கு முதலில் புரியவில்லை. பெட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி பெட்டியைப் பார்த்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

“எப்பச் சொன்னாக?”

“ஆர்டர் குடுக்க வந்தாகளே, அன்னைக்கேதான். வரும்போது நெத்தி நெறைய விபூதி பூசியிருந்தாக. கையெல்லாம் கரி.”

“அன்னைக்கா?” என்றது. குரல் உடைந்துபோயிற்று. “அன்னைக்குக் காலையிலதாண்ணே எங்க குலசாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாக. எரியிற சூடத்த உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, இனிமே உம்மேல கை வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணாக. அழுதாகண்ணே. நானும் அழுதேன். அங்கன இருந்து நேரா இங்கனயா வந்தாக?”

சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தவன் எங்கள் பக்கத்தில் பொய் சொல்ல மாட்டான் என்று நாங்கள் நம்புகிறோம். அதற்கு மேல் ஒரு சத்தியம் எங்களுக்குக் கிடையாது. அந்தக் கரி கையோடுதான் அவன் எங்களுக்குக் கும்பிடு போட்டிருக்கிறான். முருகேசன் அழுதேவிட்டான்.

அந்தப் பெண் அழவில்லை. ஏற்றாத சூடத்தைத் தட்டிலேயே போட்டது. தட்டைப் பெட்டி மேல் வைத்தது. “சாவியக் குடுங்கண்ணே” என்றது.

“ஓட்டத் தெரியுமாம்மா?”

“எங்கப்பா எனக்குத்தாண்ணே வாங்கிக் குடுத்தாக. எங்க வீட்டுக்காரருதான் ஓட்டவே விட்டதில்ல.”

நான் தயங்கினேன். முதலாளி கல்லாவிலிருந்து சாவியை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினார். “வண்டி உங்க பேருலதான் இருக்கு தாயி. நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்றார். அது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவை இழுத்து அறைந்தது பாருங்கள், படார் என்று கடையே அதிர்ந்தது. யார் அப்படிச் சாத்தினாலும் பாய்ந்து போய்ச் சண்டை போடுகிறவன் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. வாசலில் வண்டி ஒரு கணம் நின்றது. தெற்கே போனால் சிவகாசி. வடக்கே திரும்பிக் காரியாபட்டிப் பக்கம் போய்விட்டது.

சாயங்காலம் அவன் வந்தான். வண்டி இல்லை, மனைவி இல்லை. “யாரக் கேட்டுச் சாவியக் குடுத்தீக?” என்று முதலாளி சட்டையைப் பிடிக்கிற மாதிரி வந்தான். முதலாளி ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு இறங்கியிருந்தது குரல். அவன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. ‘பழைய கண்ணாடி எங்கிட்டத்தான் இருக்கு, முடியோட’ என்று சொன்னாராம், பிறகு என்னிடம் சொன்னார்.

அடங்கிப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். வாசல்வரை போனவன் திரும்பினான். அதே சிரிப்பு. பெட்டியைக் கையால் காட்டி, “அது பத்திரமா இருக்கட்டும் அண்ணாச்சி. எங்க போயிருவா? வந்துருவா” என்றான்.

அந்தப் பெண் திரும்பிப் போகவில்லை. அதன் அப்பா ஒரு வக்கீலோடு வந்து, பழைய கண்ணாடியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போனார். இப்போது பருப்பு மில்லை அந்தப் பெண்தான் பார்த்துக்கொள்கிறதாம். மதுரைக்கு பஸ்ஸில் போகும்போது அந்தச் சிவப்புக் காரை இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன். நான் மாட்டிய கண்ணாடிதான் இன்னும் இருக்கிறது. முதலாளி காலமாகிவிட்டார், முருகேசனும் இப்போது கடையில் இல்லை. அவர் இருந்தவரை அந்தப் பெட்டியை யாரையும் தொட விட்டதில்லை.

அதனால்தான் தம்பிகளா, போனில் அப்படிக் கத்தினேன். அந்தப் பெட்டியை விற்காதீர்கள், உடைக்கவும் வேண்டாம். புதுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓர் ஓரமாக நிறுத்துங்கள். அது இருக்கிறவரைதான் அதைத் தேடி நம்மிடம் வருவார்கள். என்றைக்காவது எவனாவது வந்து அந்த நம்பரைச் சொல்லி, அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டுங்கள் என்றால், வேலையைத் தொடாதீர்கள். முதலில் எனக்குப் போன் போடுங்கள். நான் காரியாபட்டிக்கு ஓட வேண்டும்.